மோர் கூடவா ஆகாது?

“மோர் கூடவா ஆகாது?” என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். இனிமேல் யாராவது கேட்டால் இந்தக் காகிதத்தைக் கையில் கொடுத்துவிட்டு நான் என் வேலையைப் பார்ப்பேன்.

என் பெயர் கஸ்தூரி. பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் முசரவாக்கம். நானும் என் வீட்டுக்காரர் ஏகாம்பரமும் காஞ்சிபுரம் போகிற ரோட்டில் சிமெண்ட், கம்பி, பெயிண்ட் விற்கிற கடை வைத்திருக்கிறோம். போன தேர்தலில் வார்டு மெம்பராகவும் ஆகிவிட்டேன். ஒரே பெண் நித்யா, சென்னையில் வேலை பார்க்கிறாள்.

சின்ன வயதிலிருந்தே எனக்குப் பால் ஆகாது. குடித்தால் வயிறு உப்பும், கடகடவென்று உருளும், பிறகு கொல்லைப்பக்கம் ஓட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் இந்த வியாதிக்கு வைத்த பெயர் ‘கொழுப்பு’. “ஊட்ல மாடு கட்டிக்கினு பால் புடிக்கலன்னு சொல்றா பாரு, கொழுப்பு!” தயிர் மட்டும் என்றைக்காவது ஒரு கரண்டி தாங்கும். அதற்குமேல் நானே போகமாட்டேன். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் இப்படியே நாற்பத்தைந்து வயது வரை வந்துவிட்டேன்.

ஆவணியில் ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த சாயங்காலம் மேல்வயிற்றில் வலி பிடித்தது. வாயு என்று நினைத்து ஓமத்தண்ணீர் குடித்தேன். வலி அங்கிருந்து முதுகுக்குப் பாய்ந்தது. படுத்தால் உயிர் போயிற்று, குனிந்து உட்கார்ந்தால்தான் மூச்சு வந்தது. வாந்தியும் சேர்ந்துகொண்டதும் ஏகாம்பரம் பயந்துபோய், காரில் போட்டுக்கொண்டு காஞ்சிபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ரத்தம் எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் லேபில் இருந்தவரே குழாயோடு மேலே வந்துவிட்டார். அடியில் சிவப்பு, மேலே ஆடை படிந்த மாதிரி கெட்டி வெள்ளை.

“இன்னா சார் இது, பால் மாதிரி இருக்குது?” என்றார் ஏகாம்பரம்.

“கொழுப்பு சார். ரத்தத்துல கொழுப்பு மிதக்குது.”

அந்த வலியிலும் எனக்கு எரிச்சல் வந்தது. வாழ்நாள் முழுக்கப் பாலைத் தொடாதவள் உடம்பில் இந்த வெள்ளை எங்கிருந்து வந்தது?

பெரிய டாக்டர் சொன்னது எனக்கு இப்படிப் புரிந்தது. ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்று ஒரு வகைக் கொழுப்பு உண்டு. எண்ணெயிலிருந்து மட்டுமில்லை, அளவுக்கு மீறிச் சாப்பிடும் சோறு, இனிப்பிலிருந்தும் உடம்பே அதைச் செய்துகொள்ளும். எனக்கு அது எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தெரியாமலே சர்க்கரை வியாதியும் வந்திருந்தது. இரண்டும் சேர்ந்து கணையத்தைப் புண்ணாக்கிவிட்டன. கணையம் என்பது இரைப்பைக்குப் பின்னால் ஒளிந்திருக்கிற உறுப்பு. சாப்பாட்டைக் கரைக்கிற சாறும், சர்க்கரையை அடக்குகிற இன்சுலினும் சுரப்பது அதுதான். அது வீங்கினால், சாப்பாட்டைக் கரைக்க வேண்டிய சாறு கணையத்தையே கரைக்க ஆரம்பித்துவிடும்.

“உயிருக்கு ஒண்ணும் இல்லியே டாக்டர்?” என்று ஏகாம்பரம் கேட்டார்.

“இப்ப எதுவும் சொல்ல முடியாது,” என்றார். இப்படியா ஒரு மனுஷனிடம் சொல்வது! ஏகாம்பரத்தின் முகம் சிமெண்ட் மூட்டை நிறத்துக்குப் போய்விட்டது.

முதலில் வாயில் எதுவும் வைக்கக் கூடாது என்றார்கள். தண்ணீர்கூட இல்லை. கையில் குளுக்கோஸ் இறங்கும், இன்சுலின் இறங்கும், நாக்கு மட்டும் காய்ந்த தேங்காய் நாராகக் கிடக்கும். ஏகாம்பரம் பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிக்கொண்டே இருப்பார். கடையைச் சாத்திவிட்டார். கம்பி கேட்டுப் போன் வந்தால், “ஒடம்பு சரியில்லப்பா, வேற எடத்துல வாங்கிக்கோ,” என்று வைத்துவிடுவார். அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை.

வலி அடங்கி, வாய்வழியாகச் சாப்பிடலாம் என்றதும்தான் என் கதையே ஆரம்பிக்கிறது.

டயட்டீஷியன் என்று ஒரு பெண் வந்தாள். நல்ல பெண்தான், சிரித்த முகம். “மேடம், உங்களுக்கு மெட்டபாலிக் டயட்,” என்றாள். நாம் சாப்பிடுவதை உடம்பு எப்படிச் செலவழிக்கிறது, எப்படிச் சேர்த்து வைக்கிறது என்பதுதான் மெட்டபாலிசம், தமிழில் வளர்சிதை மாற்றம். என் உடம்பு சேர்ப்பதில் மட்டும் கெட்டி, செலவில் கஞ்சம். ஆகவே எண்ணெய், தேங்காய், வேர்க்கடலை கூடாது. சர்க்கரை கூடாது. சோறு இரண்டு கரண்டி. புரதம் நிறைய வேண்டும். எல்லாம் சரி. அந்தப் புரதம் எதிலிருந்து? காலையில் ஆடை எடுத்த பாலில் ஓட்ஸ். பதினோரு மணிக்கு மோர். மத்தியானம் கொழுப்பு எடுத்த தயிர். சாயங்காலம் பனீர். படுக்கப் போகும்போது மறுபடியும் பால்.

“எனக்குப் பால் ஆவாதும்மா,” என்றேன்.

“சரி மேடம், பாலை எடுத்துடலாம். தயிர்?”

“ஆவாது.”

“மோர் கூடவா ஆகாது?”

“மோர் எதுலேர்ந்து வருதும்மா?”

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா மோர் லைட்டா இருக்கும் மேடம்,” என்றாள்.

முட்டை வெள்ளைக்கரு கொடுங்கள், மீன் கொடுங்கள் என்றேன். அந்த ஆஸ்பத்திரிச் சமையலறை சைவமாம். ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டரிடம் நானே முறையிட்டேன். “சின்ன வயசுல ஏதாவது நடந்திருக்கும், மனசுல தங்கிடுச்சு. பயப்படாம குடிங்க,” என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். வயிறு என்னுடையது, மனசுதான் காரணமென்று சொல்வது அவர்!

பசியும் இருந்தது, எல்லோரும் சொல்கிறார்களே என்றும் இருந்தது. மோரை வாங்கிக் குடித்தேன். ஒரு டம்ளர் உள்ளே போன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் வயிறு உருள ஆரம்பித்தது. அன்று மத்தியானம் முழுக்க ஒரு கையில் குளுக்கோஸ் கம்பத்தைத் தள்ளிக்கொண்டு கக்கூஸுக்கும் கட்டிலுக்குமாக நடந்தேன். பக்கத்துக் கட்டிலில் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்திருந்த பிள்ளையார்பாளையத்து அம்மா, “இன்னாம்மா, பாவு போடற மாதிரி போய்க்கினு வந்துக்கினு இருக்கிறே,” என்றார். தறிக்கு நூலை நீளமாகக் கட்டிக்கொண்டு முன்னும் பின்னும் நடப்பார்களே, அந்த மாதிரி. சிரிக்கத் தெம்பில்லை.

இனிமேல் பால் சம்பந்தமான எதையும் தொடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் அத்தை, அதாவது ஏகாம்பரத்தின் அம்மா, கஞ்சி காய்ச்சுவார்கள், ஏகாம்பரம் கொண்டுவந்து கொடுப்பார், அதை மட்டும் குடிப்பது என்று ஆயிற்று. கஞ்சி கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. நாக்கு செத்துப்போயிருந்த நேரம், பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

வயிற்றுப்போக்கு நிற்கவில்லை.

“பாத்தீங்களா, பாலை நிறுத்தியும் போகுது. அப்போ பால் காரணம் இல்ல,” என்றார் பெரிய டாக்டர். நியாயமாகத்தான் இருந்தது. கிருமியா என்று மலத்தைப் பரிசோதித்தார்கள், இல்லை. ஆன்டிபயாடிக்கை மாற்றினார்கள். கணையச் சாறு போதவில்லையோ என்று அந்தச் சாறு அடைத்த மாத்திரை கொடுத்தார்கள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கலாமா என்று பேச்சு வந்தது. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் வராந்தாவில் நிறுத்துவார்கள். முன்னால் டி.வி. ஓடும், அதில் ஒருத்தி சிரித்துக்கொண்டே நெய் விற்பாள். என்னைத் திருப்பி உட்கார வையுங்கள் என்று வார்டு பாயிடம் கேட்டேன். அவனுக்குப் புரியவில்லை.

எல்லாவற்றையும்விடக் கொடுமை, எனக்கே என்மேல் சந்தேகம் வந்ததுதான். நாற்பது வருஷமாக நான் சொல்லிவந்தது பொய்யா? வெறும் பிடிவாதமா? ஒருநாள் ஏகாம்பரத்திடம் கேட்டேன்.

“இன்னாங்க, எனக்கு நெஜமாவே மனசுதான் சரியில்லியா?”

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, “அதெல்லாம் ஒண்ணும் இல்ல. நீ கஞ்சியக் குடி,” என்றார்.

குடித்தேன். மறுநாள் கெண்டைக்கால் இரண்டும் முறுக்கிக்கொண்டன. நெஞ்சு ஒரு துடிப்பைத் தவறவிட்டு, அடுத்த துடிப்பில் தடுக்கி விழுவது மாதிரி அடித்தது. சிஸ்டர் நெஞ்சில் ஒயரை ஒட்டிப் பார்த்துவிட்டு ஓடினாள். வயிற்றோட்டத்தில் பொட்டாசியம் என்கிற உப்பெல்லாம் வெளியே போய்விட்டதாம். அது குறைந்தால் இதயத்தின் தாளம் கெடும், நின்றும் போகலாம். என்னை ஐ.சி.யு.வுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். லிஃப்ட் கதவு சாத்தும்போது ஏகாம்பரத்தைப் பார்த்தேன். கையில் கஞ்சிச் செம்போடு நின்றுகொண்டிருந்தார். இதுதான் கடைசியாகப் பார்ப்பதா, நித்யாவுக்குச் சொல்லிவிட்டார்களா என்றுதான் நினைத்தேன். சாவுக்குப் பயந்தேன் என்பது உண்மை. மோருக்குச் சாகப்போகிறேனே என்ற ஆத்திரம் அதைவிட அதிகமாக இருந்தது என்பதும் உண்மை.

ஐ.சி.யு.வில் ஒரு சின்ன டாக்டரம்மா இருந்தார். படித்து முடித்துப் புதிதாக வந்தவர். என் பைல் முழுவதையும் நின்றபடியே படித்தார். பிறகு ஏகாம்பரத்தை உள்ளே கூப்பிட்டார். மத்தியான நேரம். நித்யாவும் சென்னையிலிருந்து வந்து அவர் பின்னால் நின்றாள்.

“சார், இவங்க வாய்க்குள்ள போறது ஒவ்வொண்ணும் எனக்குத் தெரியணும். மருந்து, மாத்திரை, கஞ்சி, எல்லாம்.”

“கஞ்சி மட்டும்தான்மா.”

“கஞ்சியில என்னென்ன?”

“அரிசி… உப்பு…”

“அவ்ளோதானா?”

ஏகாம்பரம் கையில் இருந்த துணிப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து என் கால்மாட்டில் வைத்தார். அந்த ஆஸ்பத்திரிக் கடையிலேயே விற்கிற புரதப் பவுடர்.

“ஒடம்புல புரதம் எறங்கிக்கினே போவுது, இப்படியே போனா தேறாதுன்னு பெரிய டாக்டர் சொன்னாரு. அவங்களுக்குத் தெரியாம கலந்து குடுங்க, எல்லாம் மனசுதான்னாரு. நான்… வேளாவேளைக்கு ரெண்டு ஸ்பூன் போட்டேன்மா.”

டாக்டரம்மா டப்பாவைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்தார். பால் பவுடர். பாலிலிருந்து எடுத்த புரதம். அது போதாதென்று பால் சர்க்கரை வேறு.

நித்யாதான் முதலில் வாயைத் திறந்தாள். “அப்பா!”

வெளிஆள் நம்பாதது வேறு. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிய அதே கைதான் இதையும் கலந்தது.

டாக்டரம்மா எனக்கு விளக்கினார். பாலில் லாக்டோஸ் என்று ஒரு சர்க்கரை இருக்கிறது. அதை உடைக்கக் குடலில் ஒரு நொதி வேண்டும். குழந்தையாக இருக்கையில் எல்லோருக்கும் இருக்கும், வளர வளரப் பலருக்குக் குறைந்துவிடும். உடையாத சர்க்கரை குடலில் தண்ணீரை இழுக்கும், புளித்து வாயுவாகும். “இது மனசு இல்லம்மா. முன்ன ஒரு கரண்டி தயிர் தாங்கின குடலு, இப்ப நோயில புண்ணாகி அதையும் தாங்கல.” பிறகு ஏகாம்பரத்தின் பக்கம் திரும்பினார். “நீங்க பண்ணது தப்பு சார். ஆனா ஒண்ணு, அவங்களுக்குத் தெரியாமலே குடுத்தும் ஒத்துக்கலன்னா, அதைவிடப் பெரிய ஆதாரம் வேற எதுவும் இல்ல.”

டாக்டரம்மாவுக்கு அது நல்ல ஆதாரமாக இருந்திருக்கலாம். எனக்கு அது என் உயிர். அந்த அம்மாமேலும் கோபம் வந்தது.

பவுடர் நின்றது, பொட்டாசியம் ஏறியது, வயிறு அடங்கியது. பார்வை நேரத்தில் நித்யா மட்டும் வரட்டும் என்று சிஸ்டரிடம் சொல்லிவிட்டேன். ஏகாம்பரம் வெளியே வரிசை நாற்காலியில் உட்கார்ந்தே கிடந்தாராம். வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போகவில்லையாம். கஞ்சி மட்டும் வரும். “அரிசியும் உப்பும்தான், அப்பா சத்தியம் பண்ணாரும்மா,” என்பாள் நித்யா. முதல் கரண்டியை அவளே குடித்துக் காட்டிவிட்டுத்தான் எனக்கு ஊட்டுவாள். என் பெண்ணுக்கு இந்த வேலை வந்ததே என்றுதான் எனக்கு அழுகை வந்தது.

டிஸ்சார்ஜ் அன்று பில் வந்தது. அந்தப் பவுடர் டப்பாவும் அதில் இருந்தது. கிட்டத்தட்ட என்னைக் கொன்ற சாமானுக்கு ஜி.எஸ்.டி. வேறு.

வீடு வந்து சேர்ந்தால் புரட்டாசி பிறந்துவிட்டது. அத்தை பெருமாளுக்கு விரதம். அந்த மாதம் முழுக்க முட்டை, மீன் வாசலைத் தாண்டி உள்ளே வராது. என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். பால் கூடாது, கொழுப்பு கூடாது, சர்க்கரை கூடாது, சோறு அளவுதான், முட்டைக்குத் தடை. பால் வேண்டாம் என்றால் தேங்காய்ப்பால் குடி என்பார்கள், அதில் கொழுப்பு. பாதாம் பால் என்பார்கள், கடை பாட்டிலில் சர்க்கரை. கொழுப்பு இல்லாததாகப் பார்த்துச் சொல்லுங்கள் என்றால் எல்லோரும் சேர்ந்து மோரிலேயே வந்து நிற்பார்கள்.

பார்க்க வந்தவர்கள் வேறு. ஒருவர் நாட்டு மாட்டுப் பால் ஒன்றும் செய்யாது என்றார். ஒருவர் ஆட்டுப்பால். இன்னொருவர் பாலில் மஞ்சள் போட்டால் விஷம் முறிந்துவிடும் என்று பாலோடே வந்தார். பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் என் காதருகே வந்து, “கழுதப்பால் கெடச்சா சொல்றேன்,” என்றார்.

அத்தை மட்டும் வாதம் பண்ணவில்லை. “முட்ட வேணாம். அதுக்குன்னு நீ சாவவும் வேணாம்,” என்று சொல்லிவிட்டுத் தினம் ஒரு பயறு ஊறப்போட ஆரம்பித்தார்கள். பச்சைப்பயறு முளைகட்டி, கொள்ளு ரசம், கருப்புக் கொண்டைக்கடலை சுண்டல், தேங்காய் போடாமல். முருங்கைக்கீரையும் கேழ்வரகும் சுண்ணாம்புச் சத்துக்கு. சோயாவை நான் தொடமாட்டேன் என்று நினைத்தேன், மிளகு போட்டு வதக்கினால் ஒரு மாதிரி இறங்கிவிடுகிறது. புரட்டாசி முடிந்த மறுநாள் ஏரிக் கெண்டை வந்தது, புளிக்குழம்பு, எண்ணெய் ஒரு ஸ்பூன். நான் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அத்தைக்கே கண் கலங்கிவிட்டது. அடுத்த வாரமே கீரைக் கடைசலில் ஏதோ புளிப்புத் தட்டியது. “ஒரே ஒரு ஸ்பூன் தயிரு, வாசனைக்கு,” என்றார்கள் அத்தை. தலையில் அடித்துக்கொண்டேன்.

நடந்தேன், அளந்து சாப்பிட்டேன், மாத்திரை போட்டேன். அடுத்தடுத்த பரிசோதனைகளில் கொழுப்பு இறங்கியது, சர்க்கரையும் அடங்கியது. லேபில் என் ரத்தம் ரத்தமாகவே இருந்தது. ஏகாம்பரத்தோடு பேசிக்கொண்டுதான் இருந்தேன். கம்பி எத்தனை டன், பெயிண்ட் வந்ததா, அந்த மாதிரிப் பேச்சு. உனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தேன். சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

தை மாதம் பைபாஸ் பக்கத்தில் ஒரு புதுமனை புகுவிழா. எங்கள் கடையில்தான் அஸ்திவாரத்திலிருந்து சாமான் வாங்கியிருந்தார்கள். போகாமல் இருக்க முடியாது. அடுப்பில் பால் பொங்கியது. வீட்டுக்கார அம்மா முதல் டம்ளரை என்னிடமே நீட்டினார்.

“மெம்பரம்மா, மொத வாய் நீங்க.”

“எனக்கு ஒத்துக்காதும்மா. தப்பா எடுத்துக்காதீங்க.”

“நல்ல நாளும் அதுவுமா வேணாம்னு சொல்லலாமா? ஒரு சொட்டு நாக்குல வைங்க. ஒரு சொட்டு இன்னா பண்ணிடும்?”

சுற்றிலும் ஜனம் பார்க்கிறது. என் கை நீளப் போனது. அதற்குள் ஏகாம்பரம் குறுக்கே வந்து டம்ளரை வாங்கிக்கொண்டார். வாடிக்கைக்காரர் வீட்டில் குரலை உயர்த்தாத மனுஷன், அன்று கூடமே கேட்கிற மாதிரி சொன்னார்.

“ஒரு சொட்டும் ஆவாதும்மா. நானும் உங்கள மாதிரிதான் நம்பல. அவளுக்கே தெரியாம கஞ்சியில கலந்து குடுத்தேன். ஐ.சி.யு. வரைக்கும் போயிட்டா. தப்பு என்னுது.”

அவர் அந்தப் பாலை ஒரே மூச்சில் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். வீட்டுக்கார அம்மா தடுமாறிப்போய் எனக்கு வெந்நீர் கொண்டுவந்தார்.

திரும்பி வரும்போது வண்டியில் அவர் பின்னால் உட்கார்ந்திருந்தேன்.

“அத்தினி பேர் முன்னால சொல்லத் தெரியுது. ஊட்ல எங்கிட்ட சொல்லத் தெரியல?” என்றேன்.

அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

“உங்கிட்ட தனியா சொன்னா அழுதுடுவேன்னு பயம், கஸ்தூரி. அங்க ஜனம் இருந்துச்சு, சொல்லிட்டேன். மன்னிச்சுக்கோ.”

எதிரே லாரிகள் இரைந்துகொண்டு போயின. நான் அவர் தோளருகே குனிந்து, “இன்னா சொன்னீங்க? காதுல விழல, இன்னொரு தரம் சொல்லுங்க,” என்றேன்.

நன்றாகத்தான் விழுந்தது.